நாகேந்திரம் சேரின் சொஃப்ட் ஸ்பொட்

ஐறீனுக்கு விளங்காத விஷயம் சின்னது. அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு கேள்விகள் ஏன் நின்றுபோயின?

வெள்ளிக்கிழமை நேர்முகப் பரீட்சை தொடங்கியபோது கேள்விகள் ஒழுங்காகத்தான் வந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஆளணிப் பிரிவுப் பெண், கணக்குப் பிரிவுத் தலைவர், அவர்களுக்கு நடுவே ஐறீனின் மேலதிகாரி நாகேந்திரம். கப்பல் தாமதித்தால் வாடிக்கையாளருக்கு முதலில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். சுங்கத்தில் கொள்கலனைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நின்றால் யாரை அனுப்புவீர்கள் என்று கேட்டார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். ஐறீன் தடுமாறவில்லை. கணக்குப் பிரிவுத் தலைவர் பேனையை எடுத்துக் குறிக்கவும் தொடங்கிவிட்டார். அப்போதுதான் நாகேந்திரம் நாற்காலியில் சாய்ந்து, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஐ மஸ்ட் சே, ஐ ஹேவ் எ சொஃப்ட் ஸ்பொட் ஃபோர் ஐறீன்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், அதில் நக்கல் எதுவும் இல்லை. ஆனால் பேனை மேசைக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு ஆளணிப் பெண் கேட்டது, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குத் தினமும் பஸ்ஸில் வருவது கஷ்டமில்லையா என்று. கணக்குப் பிரிவுத் தலைவர் ஐறீன் ஒவ்வொரு வருடமும் கொண்டுவரும் கிறிஸ்மஸ் கேக்கைப் பற்றி விசாரித்தார். பிறகு எல்லோரும் எழும்பிக் கைகொடுத்தார்கள்.

கீழே இறங்கிக் காலி வீதி பஸ் தரிப்புக்கு வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ வந்து தாளை வாங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

இறக்குமதிப் பிரிவுக்கு முகாமையாளர் பதவி. அதற்குத்தான் இவ்வளவும். அந்தப் பிரிவின் வேலையை உதவி முகாமையாளர் என்ற பெயரில் ஐறீன்தான் பல வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். முன்பு இரண்டு தடவை பதவி காலியானது. இரண்டு தடவையும் வெளியிலிருந்து ஆள் வந்தது, ஐறீன் வேலை பழக்கினாள், வந்தவர் வேறு நல்ல இடம் பார்த்துக்கொண்டு போனார். இந்த முறை மிஞ்சியது இரண்டு பேர்: ஐறீன், அவளுடைய பிரிவிலேயே வேலை செய்யும் ராகுலன். வருகிற வியாழக்கிழமை பணிப்பாளர் மிஸ் குணசேகரவின் முன்னால் கடைசிச் சுற்று. அதிலும் நாகேந்திரம் கூட இருப்பார்.

ராகுலன் திங்கட்கிழமை காலை தேநீர் எடுக்கும் இடத்தில் நின்று புலம்பினான். "அக்கா, என்னைப் போட்டு வறுத்து எடுத்திட்டினம். இந்தியா லைன், டொலர் ரேட், ஸ்டாஃப் பிரச்சினை, ஒண்டையும் விடேல்லை. கடைசியில எனக்குத் தொண்டை வறண்டு போச்சு."

"எங்கட சேர் ஒன்டும் சொல்லலையா, உனக்கு சப்போர்ட்டா?"

"எங்க சொன்னவர். 'இவன் இந்தியா லைனைத் தனிய நடத்துறான்' எண்டு மட்டும் இங்கிலீஷில ஒரு வசனம். அதைக் கேட்டிட்டு அவையள் இன்னும் கூடக் கேட்கத் தொடங்கிட்டினம். உங்களுக்கென்ன அக்கா, உங்களில அவருக்கு நல்ல விருப்பம்."

இந்தியாவிலிருந்து வரும் சரக்கைக் கவனிக்கும் அந்த இந்தியா லைன் வேலையை ராகுலனுக்குப் பழக்கியது ஐறீன். அதை அவன் மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. அவனுக்கு அது ஞாபகம் வர வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளுக்குச் சுரீர் என்றது அது அல்ல. தன்னை வறுக்கவில்லையே என்பதுதான். வறுபடாமல் வந்ததற்கு ஒருத்தி கோபப்படுவாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது.

இந்த இடத்தில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஒருவரிடத்திலோ ஒன்றிடத்திலோ மனம் இளகுவதை, ஒரு பிரியம் இருப்பதை, ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். மனத்தில் மெத்தென்று ஓர் இடம் இருக்கிறது, அது உனக்கு. அகராதியைப் பார்த்தாலும் இவ்வளவுதான் இருக்கும். தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை.

கொழும்பு அலுவலகங்களில் நம்முடைய ஆட்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. "அவருக்கு என்னில விருப்பம்" என்று கலியாணம் முடித்த பெண் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். கேட்கிறவர் கதவு பூட்டியிருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார். ஆனால் மேலதிகாரியின் பிரியம் என்பது கொழும்பில் ஒரு சொத்து. அது இருக்கிறது என்று நாலு பேருக்குச் சொல்லத்தான் வேண்டும். அப்படிச் சொல்ல ஆங்கிலம் வசதியாக இருந்தது. "எங்கட பொஸ்ஸுக்கு என்னில ஒரு சொஃப்ட் ஸ்பொட்." சுத்தமான சொல், ஒருவரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஐறீனும் அதை மாதா கோவில் வாசலில் சொல்லியிருக்கிறாள், சொந்தக்காரர் வீட்டில் சொல்லியிருக்கிறாள், கணவன் றெஜிக்கே சொல்லியிருக்கிறாள். நாகேந்திரம் சைவம் என்பதால் வருடா வருடம் அவருக்கென்று முட்டையில்லாத கேக் தனியாகச் செய்து கொடுத்திருக்கிறாள். அந்த மெத்தென்ற இடம் மெத்தென்றே இருக்கட்டும் என்றுதான்.

அது எப்படி வேலை செய்கிற சொல் என்று அவள் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது ஒரு பழைய போட்டோகொப்பி மெஷின்.

அன்று மத்தியானம் அதைக் கழித்து எடுத்துப்போக இரண்டு பேர் வந்திருந்தார்கள். தாளைத் தின்னும் மெஷின் அது. ஒரு பக்கத்தைக் கறுப்பாக்கும், மறுபக்கத்தை வெளிறவைக்கும். நாகேந்திரம் தன் அறையிலிருந்து வெளியே வந்து அதன் மூடியைத் தட்டினார். "இருக்கட்டும் தம்பி," என்று வந்தவனிடம் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஐ ஹேவ் எ சொஃப்ட் ஸ்பொட் ஃபோர் திஸ் ஓல்ட் திங்."

அதே சிரிப்பு. அதே சாய்வு. கையில் இருந்த ஃபைலை ஐறீன் மெல்ல மேசையில் வைத்தாள்.

பிறகு அவளால் வேலை செய்ய முடியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் வேறு எதைப் பற்றியெல்லாம் அப்படிச் சொன்னார் என்று மனம் தேடத் தொடங்கியது. தினமும் பிந்தி வரும் சாரதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மேசை பிசுபிசுக்கும், ஆனால் அவர் படிக்கிற காலத்தில் சாப்பிட்ட ஒரு கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எந்த வருடமும் வெல்லாத தன் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நல்ல சாரதியைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. வெல்லுகிற அணியைப் பற்றி யார் அப்படிச் சொல்வார்கள்? அங்கே அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. குறை ஒன்று முதலில் இருக்க வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் அந்தச் சொல் வருகிறது.

சரி, எனக்கு என்ன குறை? அந்தக் கேள்வியோடு அவள் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள். யாரோ காலை மிதித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார், தமிழிலும் கேட்டார்.

வீட்டில் றெஜி சமைத்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை பார்க்கிறவன். அந்த வாரம் காலை வேலை. ஐறீன் கைப்பையைக் கதிரையில் போட்டுவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"உங்கட சுப்பவைசரைப் பற்றி, எனக்கு அவர்ல சொஃப்ட் ஸ்பொட் என்டு நீங்க சொல்லுவீங்களா?"

"அவர்லயா? எனக்கு அவர்ல இருக்கிறது பயம்."

"பயத்தை விடுங்க. விருப்பம் இருக்கு என்டு வைப்போம். சொல்லுவீங்களா?"

றெஜி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தான். "சொன்னா அடி விழும். அவர் எனக்கு மேல இருக்கிற ஆள். நான் யார் அவர்ல இரக்கப்பட?"

"பாத்தீங்களா. இரக்கம் என்டுதான் உங்களுக்கும் வாயில வருது."

"அதுக்கேன் என்னை முறைக்கிற? நான் சமைச்சுக்கொண்டு இருக்கிறன்."

அவள் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னாள், ராகுலன் சொன்னதைச் சொன்னாள், மெஷினையும் சொன்னாள். மெஷின் வந்ததும் றெஜி சிரித்துவிட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து அடுப்பைக் குறைத்தான்.

"சிரிங்க," என்றாள் ஐறீன். "நானும் அதுவும் ஒன்டு. ரெண்டு பேரையும் பாவம் பாத்து வச்சிருக்கிறார்."

"மாம்பழத்தில மெத்தென்டு ஒரு இடம் இருந்தா நீயே வாங்க மாட்டாயே. கடைக்காரனோட சண்டை பிடிப்பாய்."

"மாம்பழத்தில இல்ல றெஜி. அதுதான் விஷயம். மெத்தென்டு இருக்கிறது அவர்ட மனசு. அந்த வசனத்தில நான் இல்லவே இல்ல. அவர் எவ்வளவு நல்லவர் என்டு அவர் சொல்றார். ராகுலனைப் பற்றிச் சொல்லக்குள்ள ராகுலன் ஏதோ செய்றான். என்னைப் பற்றிச் சொல்லக்குள்ள நான் ஒன்டும் செய்யல. சும்மா அவர்ட மனசில சாஞ்சுகொண்டு இருக்கிறன்."

றெஜி அடுப்பை அணைத்தான். "இதைப் போய் அந்த மனிசன்கிட்டச் சொல்லு. என்கிட்டச் சொல்லி என்ன?"

சொல்லத்தான் போனாள். மறுநாள் காலை நாகேந்திரத்தின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாரும் பிள்ளை. இரும்."

"சேர், வெள்ளிக்கிழமை நீங்க ஏன் என்னைப் பற்றி அப்படிச் சொன்னீங்க?"

"எப்பிடி?"

"சொஃப்ட் ஸ்பொட் இருக்கு என்டு."

"அது நல்லதுதானே. உமக்காகத்தான் சொன்னனான்."

"ராகுலனைப் பற்றி நீங்க அப்படிச் சொல்லலையே சேர்."

"அவனுக்கு என்னத்துக்கு? அவன் கெட்டிக்காரன்."

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தான் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. ஐறீனுக்கு முகம் சுட்டது. இத்தனை வருடம் அவள் செய்த கேக்குகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சில் ஏறி நின்றன.

"நான் கெட்டிக்காரி இல்லையா சேர்?"

"ஐயோ, நான் அப்பிடியே சொன்னனான்? நீர் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. பாலேஸ்வரியும் எந்த நாளும் கேப்பா, ஐறீன் எப்பிடி இருக்கிறா எண்டு."

"மிஸிஸுக்கு நான் சுகம் கேட்டதாச் சொல்லுங்க. ஆனா வீட்டுப் பிள்ளைக்கு யாரும் மனேஜர் வேலை குடுக்கிறதில்லை சேர். வீட்டுப் பிள்ளையிட்டக் கேள்வி கேக்கிறதும் இல்லை. நீங்க அதைச் சொன்னதும் அவங்க பேனையை வச்சிட்டாங்க. நான் உங்கட ஆள், நீங்க பாவம் பாக்கிற ஆள், அவ்வளவுதான் என்டு முடிவெடுத்திட்டாங்க. என்னைப் பற்றி அவங்களுக்கு இப்ப தெரிஞ்சது கேக் செய்வன், பஸ்ஸில வருவன்."

நாகேந்திரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெய்யாகவே நொந்துபோயிருந்தார். "அப்ப என்ன, எனக்கு உம்மில விருப்பமில்லை எண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

"உங்கட விருப்பம் உங்களோட இருக்கட்டும் சேர். நான் செய்த வேலையைச் சொல்லுங்க."

"சரி, சரி. பாப்பம்," என்றார். அந்தப் 'பாப்பம்' எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவர் கெட்ட மனிதர் அல்ல. அதனால்தான் அவரைத் திருத்துவது அவ்வளவு கடினம். நல்லது செய்துகொண்டிருக்கிறேன் என்று நம்புகிறவரின் கையை எப்படிப் பிடித்து நிறுத்துவது? அவள் எவ்வளவு விளக்கினாலும் வியாழக்கிழமை அந்த அறையில் அவர் சாய்வார், சிரிப்பார், நாக்கு பழகிய வழியே போகும். ஆகவே அவர் திருந்தினால் சரிவரும் என்ற திட்டம் திட்டமே இல்லை. அவர் அதைச் சொன்னாலும் சரிவருகிற மாதிரி ஒன்று வேண்டும்.

புதன்கிழமை முழுக்க அவள் அதைப் பற்றியே யோசித்தாள். அவர் சொல்லத் தொடங்கும்போது இடைமறித்தால் திமிர் பிடித்தவள் என்பார்கள். தன் கெட்டித்தனத்தைத் தானே அடுக்கினால், பெண் ஒருத்தி தற்பெருமை அடிக்கிறாள் என்று அந்தப் பேனை மறுபடியும் மேசைக்குப் போய்விடும். நன்றி சொல்லிச் சிரித்தால் வெள்ளிக்கிழமை நடந்ததுதான் திரும்பவும் நடக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது கடைசியில் மிஞ்சியது அந்த வசனத்தில் இல்லாமல்போன ஒன்று. அவள் ஏதோ செய்தாள் என்பது. அது அந்த மனிதருக்குத் தெரியாததல்ல. அவர் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மிஸ் குணசேகர ஒரு சின்ன அறையில் இருந்தார். நேராக உட்காரும் பெண்; மேசையில் தண்ணீர்க் குவளை, பேனை, ஐறீனின் விபரங்கள் அடங்கிய தாள். பக்கத்தில் நாகேந்திரம். வணக்கம் சொல்லி எல்லோரும் அமர்ந்தார்கள். பணிப்பாளர் தாளைப் புரட்டி, "மிஸ்டர் நாகேந்திரம், உங்களுக்கு இவரை நன்றாகத் தெரியும் அல்லவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நாகேந்திரம் சாய்ந்தார். ஐறீன் அதைப் பார்த்தாள். முகம் விரிந்தது. "ஐறீனா? எவ்ரிபடி நோஸ் ஐ ஹேவ் எ சொஃப்ட் ஸ்பொட் ஃபோர் ஹேர்."

மிஸ் குணசேகர புன்னகைத்தார். கையில் எடுத்த பேனை கீழே இறங்கத் தொடங்கியது.

"நன்றி சேர்," என்றாள் ஐறீன், அதே ஆங்கிலத்தில், அவசரப்படாமல். "அந்தப் பிரியம் வருவதற்கு நான் என்ன செய்தேன் என்று மேடத்துக்கு நீங்களே சொல்ல முடியுமா? ஒரு விஷயம் போதும். போன வருடம் மருந்து வந்த கொள்கலன்."

கேள்வி கேட்கப்பட்டுவிட்டது, பணிப்பாளர் நாகேந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லத்தான் வேண்டும். சொல்லத் தொடங்கினார். கதை சொல்ல அவருக்கு நன்றாக வரும். குளிரூட்டிய கொள்கலனில் மருந்து, கப்பல் சிங்கப்பூரில். சரக்கு யாருக்கு உரியது என்று காட்டும் பத்திரத்தில் மருந்துக் கொம்பனியின் இப்போதைய பெயருக்குப் பதிலாக அதன் பழைய பெயர் இருந்தது. கொழும்புக்கு வந்த பிறகு கண்டிருந்தால் சுங்கம் விடாது, திருத்தி முடியும் வரை கொள்கலன் முற்றத்தில் நிற்கும், தாமதக் கட்டணம் ஏறும், மருந்து பழுதாகும். "நான் அந்தப் பத்திரத்தில் கையெழுத்தே போட்டுவிட்டேன், மேடம். எனக்குத் தெரியவில்லை. ஐறீன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். கப்பல் அங்கே நிற்கும்போதே சிங்கப்பூருடன் பேசித் திருத்துவித்தாள்."

சொல்லிக்கொண்டு போகப் போக அவருடைய சிரிப்புக் குறைந்தது. சாய்வும் போய், மேசையில் கைகளை ஊன்றியிருந்தார். தன் வாயால் சொல்லும்போதுதான் அது என்ன வேலை என்று அவருக்கே தெரிகிற மாதிரி இருந்தது.

"சிங்கப்பூர் முகவர் திருத்த மறுத்திருந்தால்?" என்று மிஸ் குணசேகர கேட்டார்.

நாகேந்திரம் ஐறீனின் பக்கம் திரும்பினார். "அது அவளுக்குத்தான் தெரியும்."

"முதலில் மறுத்தார்கள், மேடம்," என்றாள் ஐறீன்.

பேனை எழுதத் தொடங்கியது. அதற்குப் பிறகு பணிப்பாளர் அவளை விடவில்லை. அடுத்த வருடம் ஆட்களைக் குறைக்கச் சொன்னால் யாரைக் குறைப்பீர்கள் என்று கேட்டார். இந்தியா லைன் தடைப்பட்டால் என்ன மாற்று என்று கேட்டார். ஒரு பதிலுக்கு, "எனக்கு அது சரியாகப் படவில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஐறீனும் விடவில்லை, ஏன் சரி என்று சொன்னாள். தொண்டை வறண்டது. குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

பதவி அவளுக்குத்தான் கிடைத்தது. ஆனால் அவள் அன்று கோபம் தணிந்து படியிறங்கியது பதவியால் அல்ல, அது அடுத்த வாரம்தான் தெரியவந்தது. அவள் கண்டுபிடித்த வழி சரிவந்துவிட்டது, அதனால்தான். வழி இது. உங்களைத் தெரிவு செய்யப் போகிறவர்களுக்கு முன்னால் ஒருவர், உங்களில் தனக்கு எவ்வளவு பிரியம் என்று சொன்னால், அதை மறுக்க வேண்டாம், நன்றியோடு நிறுத்தவும் வேண்டாம். எல்லோரும் கேட்க அந்த ஆளிடமே உடனே கேளுங்கள்: நான் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்.